கிணற்றின் நான்காம் கல்

2018 ஆம் ஆண்டு ஆனி மாதம் எங்கள் வட்டாரத்து வாசிகசாலையில் ஒரு கூட்டம் நடந்தது. வடிகால் வேலை பற்றி ஊருக்கு விளக்கம் சொல்லும் கூட்டம் அது. நான் வரைபடத்தை விரித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி எழுந்தார்.

"தம்பி, இந்தத் தண்ணீரை எல்லாம் எங்கே கொண்டுபோகப் போகிறீர்?"

"கடலுக்கு, ஆச்சி" என்றேன். எனக்கு அது பெருமையான பதில்.

ஆச்சி மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைமை வகித்தவர் நேரமாகிறது என்றார். நான் அடுத்த தாளைப் புரட்டினேன். அவருடைய கேள்வியை நான் விளங்கிக்கொள்ள ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிய வேண்டியிருந்தது. ஆட்சி செய்பவர்கள் எதை அறிவார்கள், எதை அறியமாட்டார்கள் என்று இன்று நான் நினைப்பதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு பெப்ரவரி 10 ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துப் பிரதேச சபை ஒன்றுக்கு நான் உறுப்பினராகத் தெரிவாகியிருந்தேன். அதற்கு முன்னர் 31 ஆண்டுகள் அரசாங்கத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்தவன். வாய்க்கால், மதகு, வீதி என்று நான் தயாரித்த மதிப்பீடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆகவே வீதி, வடிகால் வேலைகளைக் கவனிக்கும் குழு என் பொறுப்பில் விடப்பட்டபோது சபையில் எவரும் ஆட்சேபிக்கவில்லை. எனக்கும் என்மேல் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

எங்கள் வட்டாரத்தில் பாடசாலைக்குப் போகும் ஒழுங்கை, கார்த்திகையில் ஏழெட்டு நாட்களுக்கு முழங்காலளவு வெள்ளத்தில் கிடக்கும். பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒழுங்கைக்கு மேற்கே ஒரு பள்ளக்காணி. அதையொட்டி 12 பரப்பு, அதாவது முக்கால் ஏக்கர், நிலத்தில் தூர்ந்துபோன ஒரு குளம். நான் மட்டம் பார்த்தேன், சரிவைக் கணக்கிட்டேன், 340 மீற்றர் நீளத்துக்கு அடியும் பக்கமும் சீமெந்து போட்ட வாய்க்காலொன்றை வரைந்தேன். பள்ளத்தில் சேரும் வெள்ளம் இரண்டே நாட்களில் பெரிய வாய்க்காலோடு சேர்ந்து கடனீரேரிக்குப் போய்விடும். இன்றைக்கு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாலும் கணக்கில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.

ஏன் ஊரைக் கேட்கவில்லை என்று கேட்பீர்கள். கேட்டோம் என்றுதான் கோப்பில் இருக்கிறது. அரசாங்கப் பணம் எப்படி வந்து போகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். ஒதுக்கீட்டுக் கடிதம் ஆண்டின் நடுப்பகுதியில் வந்து சேரும். பிறகு மதிப்பீடு, அங்கீகாரம், விலைக்கேள்வி, ஒப்பந்தம். ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். டிசம்பர் 31 ஆம் திகதிக்குள் வேலை முடிந்து கொடுப்பனவும் முடியாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். பணத்தைத் திருப்பி அனுப்பிய சபை என்ற பெயரை எவரும் விரும்புவதில்லை. மண்ணில் இறங்கி வேலை செய்யக் கிடைப்பது மூன்று மாதம். அதற்குள் ஊரைக் கேட்பதற்கென்று ஒதுக்கப்படும் நாள், பெயருக்கு ஒதுக்கப்படும் நாள்தான். அந்த வாசிகசாலைக் கூட்டத்துக்கு நான் போகும்போதே வரைபடம் முடிந்திருந்தது. ஆச்சி என்ன சொல்லியிருந்தாலும் அதை எழுதிவைக்க என் கோப்பில் இடமில்லை.

வாய்க்கால் கட்டினோம். மாரி வந்தது. வெள்ளம் இரண்டு நாட்களில் வடிந்தது. பிள்ளைகள் சப்பாத்தோடு பாடசாலைக்குப் போனார்கள், பெற்றோர் வந்து நன்றி சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு ஆவணியில், கோயில் திருவிழாவுக்குப் பணம் சேர்க்க வீடு வீடாகப் போனோம். ஆச்சி வீட்டில் தேநீர் தந்தார்கள். முதல் மிடறு நாக்கில் பட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. தேநீர் உவர்த்தது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாரும்" என்று கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பழைய கட்டுக்கிணறு. மேற்பகுதி சுண்ணக்கல் அடுக்கிக் கட்டியது. கட்டிலிருந்து கீழ்நோக்கி எண்ணினால் நான்காம் வரிசையில் ஒரு கல் மற்றவற்றைவிடச் சற்று வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஆச்சி கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த ஆண்டில், மாமியார் அந்தக் கல்லைக் காட்டி ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தாராம். தைப்பொங்கலன்று தண்ணீர் அந்தக் கல்லைத் தொட்டு நின்றால் அந்தக் கோடை முழுவதும் வீட்டுக்கு நல்ல தண்ணீர். தொடாவிட்டால் ஆவணியில் உவர்க்கும். சமையலுக்குக் கோயில் கிணற்றுக்குக் குடம் தூக்கவேண்டும். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக, பொங்கல் பானைக்குத் தண்ணீர் அள்ளும் விடியற்காலையில் அவர் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் வாளியை விடுகிறார். 2019 பொங்கலன்று தண்ணீர் ஏழாம் கல்லில் நின்றது.

"அந்தப் பள்ளத்தில் மார்கழி முடியும்வரை தண்ணீர் நிற்கும், தம்பி. நின்றால்தான் மெல்ல மெல்ல இங்கே இறங்கும். நீர் அதை இரண்டு நாளில் அனுப்பிவிட்டீர்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. வழுக்கை ஆறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. அந்த வில்லையைத்தான் ஆண்டு முழுவதும் நாங்கள் குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது உப்புநீரை அழுத்திவைத்திருக்கும். மேலே ஓரடி குறைந்தால் காலப்போக்கில் கீழே நாற்பது அடி போய்விடும். இதெல்லாம் நான் படித்ததுதான், இளம் உத்தியோகத்தர்களுக்குப் படிப்பித்ததும்கூட. பொது விதி முழுவதும் என்னிடம் இருந்தது. எந்தப் பள்ளத்துத் தண்ணீர் எந்தக் கிணற்றுக்கு இறங்குகிறது என்பது மட்டும் என்னிடம் இல்லை. நில அளவைப் படத்திலும் அது கிடையாது. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்த அந்த விஷயம், ஆச்சி எழுந்து கேட்ட அன்று எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் இருந்தது. நான் தாளைப் புரட்டிவிட்டேன்.

திருத்தும் வேலை கட்டியதைவிடச் சிறியது. 2020 இல், மாரிக்கு முன்னர், வாய்க்காலின் அடிச் சீமெந்தை ஆறு இடங்களில் உடைத்துக் கல் நிரப்பிய குழிகளாக்கினோம். பள்ளத்திலிருந்து தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்கும் வாயில், இரு பக்கச் சுவரிலும் தவாளிப்பு வெட்டி, பாலை மரப் பலகை மூன்று செருகும்படி செய்தோம். ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். பலகை செருகியிருந்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். இழுத்தால் வடியும். எப்போது செருகுவது, எப்போது இழுப்பது என்ற விதியை நான் எழுதவில்லை. கிணறு உள்ள வீட்டுக்காரர்கள், பாடசாலை அதிபர், சந்தியில் தேநீர்க்கடை வைத்திருப்பவர் எல்லோரும் கூடி எழுதினார்கள். பாடசாலைக் கேற்றின் கீழ்ப்படிக்குத் தண்ணீர் வந்தால் முதற் பலகையை இழுப்பது. இரண்டாம் படிக்கு வந்தால், கிணற்றைப் பார்த்துவிட்டு மற்றவை. அந்த மார்கழித் தொடக்கத்தில் புரெவிப் புயல் மழையோடு வந்தபோது அந்த விதி முதல் தடவையாகச் சோதிக்கப்பட்டது. ஒழுங்கையில் இரண்டு நாள் வெள்ளம் நின்றது. 2021 பொங்கலன்று தண்ணீர் நான்காம் கல்லைத் தாண்டியிருந்தது.

பிறகு கணக்காய்வு ஐயவினா வந்தது. கட்டி இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத வாய்க்காலின் அடித்தளம் உடைக்கப்பட்டதற்குக் காரணம் என்ன? கேள்வி நியாயமானது, அது மக்கள் பணம். பதில் அனுப்பவேண்டியவர் சபையின் செயலாளர். வரைவை என்னிடம் கேட்டார். "மதிப்பீடு தயாரிக்கப்பட்டபோது, நீர் நிலத்துக்குள் இறங்கும் விதம் குறித்து அயலவர்களிடம் விசாரிக்கப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இப்படி எழுதினால் பிழையை நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடுமே. எதிர்பாராத காலநிலை மாற்றம் காரணமாக என்று எழுதினால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்."

அவர் கெட்ட மனிதர் அல்லர். முப்பது ஆண்டு உத்தியோகத்தில் இருந்தால் எவரும் கற்றுக்கொள்ளும் பாடம் அது. கேட்காமல் செய்தவனை ஒரு விதியும் தண்டிப்பதில்லை. செய்தது பிழை என்று எழுதியவன் மட்டும் ஐயவினாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். நான் எழுதிக் கொடுத்ததையே கடைசியில் அவர் அனுப்பினார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

அதற்குப் பிறகு எஞ்சியிருந்த காலத்தில் நான் வேலை செய்த முறையை மாற்றினேன். சபைகளிலும் திணைக்களங்களிலும் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அதையும் சொல்கிறேன்.

ஊரைக் கேட்பதைத் தை, மாசிக்கு மாற்றினேன். அப்போது பணமும் இல்லை, வரைபடமும் இல்லை. ஆகவே எவருடைய சொல்லையும் கேட்க மனம் திறந்திருக்கும். அந்த மாதங்களில் மாரி வெள்ளத்தின் கறை மதிலில் இன்னும் தெரியும், கையால் தொட்டுக் காட்டலாம். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் என்னைப்போல் இளைப்பாறியவர்கள்தான் வருவார்கள். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ வைத்தால் தோட்டக்காரர் வருவார். பெண்கள் கூட்டத்தில் பேசுவது குறைவு. கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் பேசுவார்கள். ஆகவே நான் அங்கே போனேன். கேள்வியையும் மாற்றினேன். "இந்தத் திட்டம் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டால் ஊர் சம்மதம் என்றுதான் சொல்லும், அரசாங்கம் தருவதை வேண்டாம் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? "இது பிழைத்துப்போனால் முதலில் எவர் வீட்டில் தெரியும்?" என்று கேட்கத் தொடங்கினேன். அந்த ஒரு கேள்விக்கு வந்த பதில்கள் என் 31 ஆண்டு உத்தியோகத்தில் நான் கேட்டறியாதவை. ஒரு மதகு வேலையில், "முதலில் என் மாட்டுக்கொட்டிலில் தெரியும்" என்று ஒருவர் எழுந்தார். போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது சரி.

மதிப்பீட்டோடு ஒரு மேலதிகத் தாளும் இணைத்தேன். அதன் தலைப்பு: எமக்குத் தெரியாதவை. எந்தச் சுற்றறிக்கையும் அதைக் கேட்பதில்லை. முதலில் சபையில் முணுமுணுப்பு எழுந்தது. தெரியாது என்று எழுதினால் பணம் தரமாட்டார்கள் என்றார்கள். பணம் நின்றதாக எனக்கு நினைவில்லை. இன்னொன்று, எதையும் ஒரேயடியாக முழு நீளத்துக்குக் கட்டாமல் முதலாண்டில் ஒரு துண்டு கட்டி ஒரு மாரி பார்ப்பது. ஒப்பந்தகாரருக்கு அது பிடிக்காது. இரண்டு தடவை வரவேண்டும், இலாபம் குறையும். அந்தச் சங்கடம் உண்மைதான். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோதுதான் 2021 ஆம் ஆண்டு மே 6 ஆம் திகதி இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி வெளிவந்தது. நாடு முழுவதற்கும், எல்லாப் பயிருக்கும், எல்லா மண்ணுக்கும் ஒரே அறிவித்தல். தேயிலைக்கும் நெல்லுக்கும் எங்கள் செம்மண் வெங்காயத்துக்கும் ஒன்று. மாற்று உரம் எங்கிருந்து, எவ்வளவு, எப்போது வரும் என்பதற்கு ஆயத்தம் இருக்கவில்லை. நெல் விளைச்சல் விழுந்தது. அந்த நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. 2022 ஏப்ரலில், அது பிழையான தீர்மானம் என்று அப்போதைய ஜனாதிபதியே ஒப்புக்கொண்டார். அதற்குள் ஒரு பெரும்போகம் போய்விட்டது.

அந்த நாட்களில் குப்பிளானில் ஒரு தோட்டக்காரரோடு வரம்பில் நின்று பேசினேன். இலை மஞ்சளித்த வெங்காயத்தாளைப் பிடுங்கி என் கையில் தந்தார். "ஐயா, குழை தாழ்ப்பதை எங்களுக்குக் கொழும்பு படிப்பிக்கவேண்டுமா? பூவரசங்குழை, பனையோலை, ஆட்டெரு, எல்லாம் என் தகப்பன் போட்டவைதான். ஐந்து வருடம் தந்திருந்தால் யூரியாவைப் பாதியாகக் குறைத்துக் காட்டியிருப்பேன். ஒருவர் வந்து கேட்டிருக்கலாம்."

அந்தத் திட்டத்தின் நோக்கத்தை நான் பழிக்கவில்லை. சொல்லப்போனால் அந்த நோக்கத்துக்கு எங்கள் ஊரே சாட்சி. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு மிஞ்சியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டத்துக்குக் கணக்கில்லாமல் போட்ட உரமும், கிணற்றுக்கு அருகே வெட்டிய மலசலகூடக் குழியும் அதற்குக் காரணங்கள். இந்த இடத்தில் ஊர் அறிவு கைகொடுக்காது. உப்பை நாக்கு அறியும். நைத்திரேற்றை நாக்கு அறியாது. ஆச்சி வீட்டுக் கிணற்றிலிருந்து ஐம்பதடி தூரத்தில் குழியொன்று வெட்ட மகன் ஆயத்தமானபோது, அது ஆபத்து என்று சொன்னவன் நான்தான். ஆச்சி நம்பவில்லை. "தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறது" என்றார். போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, வந்த தாளைக் காட்டிய பிறகுதான் குழி காணியின் மறுகோடிக்குப் போனது.

ஆகவே, மேலே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, ஊருக்கு எல்லாம் தெரியும் என்று எவராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மலேரியா அற்ற நாடு என்று 2016 இல் இலங்கை சான்றிதழ் பெற்றது. ஊருக்கு ஊர் தனித்தனியாக முயன்றிருந்தால் அது நடந்திராது. 1945 இல் வந்த இலவசக் கல்வியால் படித்தவன் நான். எல்லா ஊருக்கும் ஒரேமாதிரி இருக்கவேண்டியவை உண்டு. அவற்றை மத்தியில் இருந்துதான் செய்யவேண்டும். வெங்காயத் தறைக்கு எத்தனை அந்தர் உரம் என்பதும் ஒரு பள்ளத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கலாம் என்பதும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. எது எந்த வகை என்று பிரித்தறிவதற்கு, தனக்கு எதுவரை கண் தெரிகிறது என்று ஆட்சியாளருக்கு முதலில் தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்றையும் நாங்கள் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1970 க்குப் பின், இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் பொன்விலைக்குப் போயின. அந்தப் பணத்தில் கல்வீடு கட்டியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு; என் பெரியப்பா ஒருவர். 1977 இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்துவிடப்பட்டதும் அதே தோட்டங்கள் தடுமாறின. இரண்டு தீர்மானமும் எங்களைக் கேளாமல் எடுக்கப்பட்டவைதான். இரண்டாவதை மட்டும்தான் அநீதி என்கிறோம். முதலாவது வந்தபோது, "ஏன் எங்களைக் கேட்கவில்லை?" என்று எவரும் கேட்டதாகப் பெரியப்பா சொல்லி நான் அறியவில்லை.

இரணைமடுத் தண்ணீர் விடயத்தில் இது இன்னும் கூர்மையாக என் நெஞ்சில் தைத்தது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் குடிநீர் கொண்டுவரும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு 2010 அளவில் உருவானது. நாங்கள் மகிழ்ந்தோம். இரணைமடுவின் கீழ் வயல் செய்யும் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். மழை பொய்க்கும் ஆண்டுகளில் கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாது, எங்கே கொடுப்பது என்றார்கள். அப்போது யாழ்ப்பாணத்து வரவேற்பறைகளில் நடந்த பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. நானும் பேசியவன். "அவர்களுக்கு விளங்கவில்லை. குளத்தின் கொள்ளளவு இவ்வளவு, நாங்கள் கேட்பது அதில் இவ்வளவு" என்று விரல்விட்டு எண்ணினேன். கொழும்பிலிருந்து எங்களைப் பற்றி எந்தக் குரலில் பேசுகிறார்களோ, அச்சொட்டாக அதே குரல். அந்தக் குளத்தைக் கோடையின் நடுவில் ஒரு தடவைகூட நான் போய்ப் பார்த்திருக்கவில்லை.

பிறகு திட்டம் மாறி, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீராக்கும் நிலையம் அமைந்தது. 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கும் கடற்றொழிலாளர்கள் எழுந்து, வெளியேறும் உவர்நீரால் எங்கள் மீனுக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள். இந்தத் தடவை அவர்களுக்கு விளங்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கடலின் அந்தத் துண்டை அவர்களைப்போல் அறிந்தவர் வேறு எவர்?

அதிகாரப் பகிர்வு என்றதும் எங்கள் ஊரில் பேச்சு உடனே உரிமைக்குப் போய்விடும். போகட்டும், அது உண்மையான பேச்சு. 1926 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சமஷ்டியை ஆதரித்துப் பேசிய எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, முப்பது ஆண்டுகள் கழித்துப் பிரதமராகித் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1957 இல் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு அவர் கைச்சாத்திட்ட பிராந்திய சபை உடன்பாடு அடுத்த ஆண்டே கிழிந்தது. நாங்கள் அதை மறக்கமுடியாது. ஆனால் உரிமைக்கு அப்பால் இன்னொரு நியாயமும் இருக்கிறது, அதை நாங்கள் போதுமான அளவு பேசுவதில்லை: கொழும்பில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தமிழராகவே இருந்தாலும், ஆச்சி வீட்டுக் கிணறு அவருக்குத் தெரியாது. அதே நியாயம் கொழும்போடு நின்றுவிடுவதுமில்லை. 2013 இல் 38 ஆசனங்களோடு தெரிவான வட மாகாண சபைக்கும் அது பொருந்தும், எங்கள் பிரதேச சபைக்கும் பொருந்தும், சபைக்குள் இருந்த என் நாற்காலிக்கும் பொருந்தும். முன்னர் இருந்த கிராம சபைகள் 1981 இல் கலைக்கப்பட்டன. அவற்றின் இடத்துக்குப் பின்னால் வந்த பிரதேச சபைகள் பலமடங்கு பரந்தவை. பழைய கிராம சபை உறுப்பினர் ஒருவருக்குத் தன் எல்லைக்குள் இருந்த ஒவ்வொரு மதகும் பெயரோடு தெரியும் என்று அப்பு சொல்வார். நான் பொறுப்பாக இருந்த வீதிகளையே பட்டியலைப் பார்க்காமல் என்னால் சொல்லமுடியாது.

மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் வைக்கவில்லை. எங்கள் சபையின் காலமும் ஓராண்டு நீடிப்போடு 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதம்தான் வந்தது. இடையில் இரண்டு ஆண்டுகள், பாராளுமன்றத்துக்கும் எங்கள் ஒழுங்கைக்கும் நடுவே மக்கள் தெரிவுசெய்த ஒருவர்கூட இருக்கவில்லை.

அந்த இடைக்காலத்தில், 2024 கார்த்திகைக் கடைசியில் பெருமழை பெய்தது. ஆச்சி அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார். நான் கொழும்பில் மகள் வீட்டில் நின்றேன். இரவு பதினொரு மணிக்குத் தேநீர்க்கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, தண்ணீர் கேற்றின் இரண்டாம் படிக்கு வந்துவிட்டது. ஒரு பலகை இழுத்தாயிற்று. மற்ற இரண்டையும் இழுக்கட்டுமா?"

கையிலிருந்த கைபேசியில் மழைப் படத்தைத் திறந்தேன். குடாநாடு முழுவதும் ஒரே சிவப்பாக இருந்தது.

"கிணற்றைப் பார்த்தீர்களா?"

"ஆச்சியின் பேத்தி இப்போதுதான் ரோச் அடித்துப் பார்த்தாள். நான்காம் கல் மூடிவிட்டதாம்."

"அவள் என்ன சொல்கிறாள்?"

"ஒன்றை இழுக்கலாம், கடைசிப் பலகை கிடக்கட்டும் என்கிறாள். மழை இனிக் குறையுமாம்."

"அப்படியே செய்யுங்கள். இதற்கு என்னைக் கேட்க வேண்டாம்" என்றேன்.

அவர் தொலைபேசியை அணைக்க மறந்துவிட்டார். மழை இரைச்சலுக்கு நடுவே எவரோ "அந்தப் பக்கம் பிடி" என்று கத்துவது கேட்டது. பிறகு, ஊறிப்போன பாலைப் பலகை சீமெந்தில் உரசிக்கொண்டு மேலே வரும் சத்தம்.